பிஞ்சு ஏன் நிற்கவில்லை? – வீட்டுத் தோட்டம் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சுக்கினி என்ற பூசணி வகைக் காயைப் பற்றியவை. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது.

கேள்வி: பால்கனியில் சுக்கினி நட்டு ஐம்பது நாளாகிறது. இலை முறம் போல விரிந்திருக்கிறது. தினமும் இரண்டு மூன்று பூ. காய் மட்டும் இல்லை. இதுவரை வந்தவை நான்கே பிஞ்சு. நான்கும் விரல் நீளத்தில் நுனி மஞ்சளாகி, சொதசொதவென்று ஆகி விழுந்துவிட்டன. உரம் போதவில்லையா?
– வாசகி, பொங்கோல்

பதில்: உரம் காரணமல்ல. இன்னும் உரம் போட்டால் இலைதான் இன்னும் பெரிதாகும். உங்கள் செடியில் மகரந்தம் சேரவில்லை.

சுக்கினியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே செடியில் வரும். ஆண் பூ மெல்லிய நீளக் காம்பின் நுனியில் நிற்கும். இதழுக்குள் ஒற்றைத் தண்டு இருக்கும். அதைத் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். பெண் பூ தண்டை ஒட்டிக் குட்டையாக இருக்கும். அதன் அடியில் சுண்டுவிரல் அளவில் ஒரு குட்டிச் சுக்கினி, பூ விரிவதற்கு முன்பே இருக்கும். காய் பிடித்து விழுந்தது என்று நீங்கள் எண்ணிய நான்கும் பிடித்த காயே அல்ல, பூவோடு கூடவே வந்த சூல். மகரந்தம் கிடைக்காவிட்டால் அது மூன்று நான்கு நாளில் நுனியிலிருந்து மஞ்சளாகி வெம்பிவிடும்.

ஏன் கிடைக்கவில்லை? ஒன்று, உயரமான மாடிகளுக்குத் தேனீ அதிகம் ஏறி வருவதில்லை. இரண்டாவதுதான் பெரிய காரணம்: நம் சிங்கப்பூர் இரவு. இரவில் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கும் இடங்களில் இந்தச் செடி பெண் பூவை நிறையத் தரும். இங்கே நள்ளிரவிலும் 25, 26 டிகிரி. அந்தச் சூட்டில் செடி ஆண் பூவாகவே தள்ளும். ஐம்பது நாளில் நான்கு பெண் பூ என்பது சிங்கப்பூருக்கு மோசமான கணக்கில்லை. அந்த நான்கும் வீணானதுதான் வருத்தம்.

இனி வரும் பெண் பூவை இப்படிக் காப்பாற்றுங்கள். மாலையில் செடியைப் பாருங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டு பச்சை மாறி, நுனி ஆரஞ்சு கலந்த மஞ்சளாக உப்பி நிற்கும். மழை வரும் போலிருந்தால் பெண் மொட்டின் மேல் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள். ஆண் மொட்டுக்கும் அப்படியே. நனைந்த மகரந்தம் கட்டியாகிவிடும், பயன்படாது.

காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதுக்குள் வேலையை முடிக்க வேண்டும். பத்து மணிக்குப் பூ சுருங்கத் தொடங்கிவிடும். வெயில் ஏற ஏற மகரந்தத்தின் வீரியமும் போய்விடும். ஓர் ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை வாழைப்பழத் தோல் போல உரித்துவிடுங்கள். கையில் மிஞ்சும் தண்டுதான் உங்கள் தூரிகை. பெண் பூவின் நடுவே பல மடல்களாகப் பிரிந்த சூல்முடி இருக்கும். எல்லா மடலிலும் மஞ்சள் பொடி கண்ணுக்குத் தெரியும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பி, வளைந்து வரும். பூவுக்கு ஓர் ஆண் பூ போதும். இரண்டு இருந்தால் இரண்டையும் பயன்படுத்துங்கள்.

பெண் பூ விரியும் நாளில் ஆண் பூ இல்லாமல் போவதும் உண்டு. ஒரே செடி வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அடுத்த முறை இரண்டு செடியாவது வையுங்கள், ஒரு வார இடைவெளியில் விதைத்து.

தடவியது பலித்ததா என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். பலித்தால் பிஞ்சு பளபளப்போடு பருக்கத் தொடங்கும். இந்தச் சூட்டில் ஐந்தாறு நாளில் 15 செ.மீ. எட்டும். அப்போதே அறுத்துவிடுங்கள். பெரிதாகட்டும் என்று ஒரே காயை விட்டுவைத்தால் செடி அடுத்த பிஞ்சுக்குச் சத்தைத் தராது.

தொட்டி 40 லிட்டருக்குக் குறையக்கூடாது, தொட்டிக்கு ஒரு செடி. தண்ணீர் தினமும் மூன்று, நான்கு லிட்டர் வரை கேட்கும். நடுப்பகலில் இலை தொங்குவதைக் கண்டு பதறி ஊற்ற வேண்டாம். மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெயில் சோர்வு. காலையிலும் தொங்கினால்தான் கவலை. கலப்பு உரம் 15:15:15 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி, தொட்டியின் ஓரமாக, ஈர மண்ணில். பூ தொடங்கியதும் கோழி எருவை நிறுத்திவிட்டு, சாம்பல் சத்து கூடுதலாக உள்ள தக்காளி உரத்துக்கு மாறலாம்.

அடுத்த தடவை ஜனவரி முதல் வாரத்தில் விதையுங்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி கழிந்து, பிப்ரவரியின் காய்ந்த நாட்களில் பூக்கும். விதை வாங்கும்போது மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் இரகம் என்று உறையில் போட்டிருக்கிறதா பாருங்கள். விலை கூடத்தான், ஆனால் உயர்மாடிக்கு அதுதான் ஏற்றது.

இவ்வளவும் செய்தால் ஒரு செடியிலிருந்து ஐந்தாறு காய் கிடைக்கும். அதற்கு மேல் வந்தால் அதிர்ஷ்டம். குழம்புக்குக் காய் வேண்டும் என்பவர்கள் அதே தொட்டியில் பீர்க்கு போடுவது மேல்.

கேள்வி: பேரங்காடியில் ஒரு பொட்டலத்தில் சுக்கினி என்றும் இன்னொன்றில் கூர்ஜெட் என்றும் இருக்கிறது. இரண்டும் வேறா?
– வாசகர், குவீன்ஸ்டவுன்

பதில்: ஒன்றேதான். இத்தாலிய வழியில் வந்த பெயர் சுக்கினி, பிரெஞ்சு வழியில் வந்தது கூர்ஜெட். எந்த நாட்டிலிருந்து வந்த பொட்டலமோ அந்த நாட்டு வழக்கு.

கேள்வி: கடையில் வாங்கிய சுக்கினியின் விதையை எடுத்து நடலாமா? அல்லது என் செடியின் காயை முற்றவிட்டு விதை எடுக்கலாமா?
– வாசகி, செங்காங்

பதில்: கடைக் காய் பிஞ்சிலேயே அறுக்கப்படுவது. உள்ளே இருப்பது பால் விதை, முளைக்காது.

சொந்தச் செடியில் முற்றவிட்டு எடுத்தால் முளைக்கும். ஆனால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சுக்கினியின் இனத்திலேயே அழகுக்கு வளர்க்கும் கசப்புச் சுரைகளும் இருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஒன்று பூத்து அதன் மகரந்தம் கலந்தால் இந்த வருடக் காயில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதன் விதையிலிருந்து வரும் அடுத்த செடியின் காயில்தான் கசப்பு ஏறும். குக்குர்பிட்டசின் என்ற நச்சுதான் அந்தக் கசப்பு, வேகவைத்தாலும் போகாது. 2015ல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துக் கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தார். நம் வீடுகளில் சுரைக்காய்க்கும் இதே எச்சரிக்கைதான்: நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். காய்கறியை வீணாக்கக்கூடாது என்ற நல்ல பழக்கத்தை இந்த ஓரிடத்தில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சுக்கினி இலையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. சாம்பல் நோய் என்று ஒருவர் சொல்லி, எல்லா இலையையும் வெட்டச் சொன்னார். வெட்டிவிடவா? அமெரிக்கக் காணொளி ஒன்றில் தண்டில் அலுமினியத் தாள் சுற்றச் சொல்கிறார்கள், அதையும் செய்யவா?
– வாசகர், ஈசூன்

பதில்: கத்தரிக்கோலை எடுக்குமுன் விரலால் தேய்த்துப் பாருங்கள். பல சுக்கினி இரகங்களின் இலையில் நரம்பு பிரியும் கோணங்களை ஒட்டி வெள்ளி நிறத் திட்டு இயல்பாகவே இருக்கும். இரண்டு பக்கமும் ஒத்த அமைப்பில் இருக்கும், தேய்த்தால் போகாது. அது நோயில்லை.

தேய்த்ததும் மாவு போல விரலில் ஒட்டினால், திட்டுகள் வட்டம் வட்டமாக இலைமேல் எங்கெங்கோ சிதறியிருந்தால், சாம்பல் நோய். கூரைக்கு அடியில், மழை படாமல், காற்றோட்டம் இல்லாமல் வளரும் செடிகளுக்குத்தான் அது அதிகம் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, நாலைந்து சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து இலையின் மேலும் கீழும் தெளியுங்கள், வாரம் ஒரு முறை. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து காலை வெயிலில் தெளிப்பதும் ஆரம்ப நிலையில் உதவும். சோடாவை அளவுக்கு மேல் போட்டால் இலை ஓரம் கருகும். எந்தக் கலவையையும் முதலில் ஓர் இலையில் தெளித்து, ஒரு நாள் பார்த்துவிட்டு மற்ற இலைகளுக்குப் போங்கள். பாதிக்கு மேல் வெளுத்த அடி இலைகளை மட்டும் வெட்டினால் போதும்.

நட்ட இரண்டாவது வாரத்திலேயே ஒரு மீட்டர்க் குச்சி ஊன்றி, தண்டை நேராக நிமிர்த்திக் கட்டிக்கொண்டே வந்தால் அடியில் காற்று ஓடும். இந்த நோய் பாதியாகக் குறையும்.

அலுமினியத் தாள் வேண்டாம். அங்கே தண்டைத் துளைக்கும் புழு ஒன்று உண்டு. அது அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. இங்கே நீங்கள் தேட வேண்டியது இலையைச் சுருட்டி உள்ளே இருக்கும் பச்சைப் புழுவை. முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு இருக்கும். கையால் எடுத்து நசுக்குவதுதான் வைத்தியம்.

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. மூன்று மாதம் வெண்டை நன்றாக வந்தது, அக்டோபரிலிருந்து நோஞ்சானாகப் போய்விட்டது. மண் மாற்றியும் பயனில்லை. தாழ்வாரத்தில் எத்தனை தொட்டி வைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.
– வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: மண் பாவம், அதை விட்டுவிடுங்கள். சூரியன்தான் இடம் மாறிவிட்டது.

நாம் நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். மீதி ஆறு மாதம் தெற்குப் பக்கம். ஆகவே வடக்குத் தாழ்வாரத்துக்கு அக்டோபரிலிருந்து மார்ச் வரை நேர் வெயில் வராது. தெற்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இதே கதை தலைகீழாக. கிழக்கும் மேற்கும் பார்த்த வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் உறுதி.

உச்சக் காலமான ஜூனிலும் நண்பகல் சூரியன் தலைக்கு மேலிருந்து இருபது டிகிரி சொச்சம்தான் சாயும். மேலே அடுத்த மாடியின் தளம் மறைக்கிறது. கைப்பிடிச் சுவர் மட்டத்தில் உள்ளே அரை மீட்டர் போல வெயில் விழும். சுவரின் அடியில், தரையில், ஒன்றும் விழாது. தரையில் வைத்த தொட்டியை ஓர் உறுதியான அடுக்கின் மேல், சுவரின் உட்பக்கம், இலைகள் சுவர் மட்டத்துக்கு வரும்படி ஏற்றினாலே செடி மாறிவிடும். சுவரின் மேல் மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொட்டி வைக்காதீர்கள். கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் அது தோட்ட விஷயமாக இருக்காது.

காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும். மூன்று மணி நேரமே கிடைக்கும் மாதங்களில் வெண்டையை மறந்துவிட்டுக் கீரைக்கு மாறுங்கள். காங்கோங், பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் வரும். தவசிக்கீரை இன்னும் நல்லது. ஈரச்சந்தையில் சாயூர் மானிஸ் என்று விற்பார்களே, அதுதான். வாங்கிய கட்டிலேயே பென்சில் கனமுள்ள குச்சியாகப் பார்த்து 15 செ.மீ. வெட்டி, கீழ் இலைகளை உருவி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் துளிர்க்கும். சமைத்துத்தான் சாப்பிட வேண்டும்; பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்கக்கூடாது. தைவானில் 1990களில் இளைக்க வேண்டும் என்று அப்படிக் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

தொட்டிகளுக்கு எண்ணிக்கை பார்ப்பதைவிட அகலத்தைப் பாருங்கள். தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி. மற்ற நிபந்தனைகள் நகர மன்றத்துக்கு நகர மன்றம் வேறுபடும், ஒரு தடவை கேட்டுவிடுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். தட்டு இல்லாமல் முடியாது என்றால் அதில் சரளைக்கல் நிரப்புவதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. இறுகிப்போன மேல்மண்ணையும் கிளறிவிடுங்கள். அதன்மேல் நிற்கும் தண்ணீரும் கொசுவுக்குப் போதும்.

வெயில்தான் வேண்டும் என்றால், வெளியே இடம் தேடலாம். தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தில் வட்டாரச் சமூகத் தோட்டங்கள் உள்ளன. 2016லிருந்து பூங்காக்களில் தனிநபர்களுக்கு இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலப் பாத்திகளையும் கழகம் வாடகைக்குத் தருகிறது.

கேள்வி: சமூகத் தோட்டத்தில் பீர்க்கு, புடலை, பாகல் மூன்றும் ஒரே பந்தலில். காலை எட்டு மணிக்குப் போய் மூன்றுக்கும் தூரிகையால் மகரந்தம் தடவுகிறேன். பாகல் மட்டும் காய்க்கிறது. அதுவும் பாதி சூத்தை.
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நேரம் தப்பு. பாகல் காலையில் பூக்கும். நாம் குழம்புக்குப் போடும் வரிப்பீர்க்கு மாலையில்தான் விரியும். ஐந்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள், பந்தல் மஞ்சளாக இருக்கும். புடலை இருட்டத் தொடங்கியபின் அந்த வெள்ளைச் சரிகைப் பூவை விரிக்கும். காலை எட்டு மணிக்கு நீங்கள் தடவியது வாடிப்போன பூவில். வேலையை மாலை ஆறரை, ஏழுக்கு மாற்றுங்கள். சுரை வைத்தாலும் மாலைதான்.

பாகல் சூத்தைக்குக் காரணம் பழ ஈ. பிஞ்சின் தோலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு துளிப் பிசின். அங்கே முட்டை இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு காய் அந்தப் பக்கமாக வளைந்து, முற்றுமுன்னே மஞ்சளாகி, உள்ளே புழு நெளியும். அந்தப் புள்ளி விழுந்தபின் எந்த மருந்தாலும் உள்ளே இருப்பதை எட்ட முடியாது. ஆகவே உறை ஒன்றுதான் வழி. மகரந்தம் சேர்ந்த இரண்டாம் நாள், பிஞ்சு மூன்று செ.மீ. இருக்கும்போதே, காகித உறையோ மெல்லிய வலைப்பையோ போட்டுக் காம்பில் கட்டுங்கள். வலை காயின்மேல் ஒட்டக்கூடாது. ஒட்டினால் ஈ வலைக்கு வெளியே நின்றே குத்தும்.

கீழே விழுந்த காயை உரக்குழியில் போடாதீர்கள். புழு அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை உங்கள் பந்தலுக்கே வரும். நெகிழிப்பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கடையில் கிடைக்கும் வாசனைப் பொறி ஆண் ஈக்களை மட்டும் பிடிக்கும். எத்தனை ஈ நடமாடுகிறது என்று தெரிந்துகொள்ள உதவும், அதை நம்பி உறையை விட்டுவிடக்கூடாது.

கேள்வி: தக்காளி, பூவும் பிஞ்சுமாக இருந்தது. ஒரே நாளில் இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கி, மூன்றாம் நாள் செத்துவிட்டது. தண்ணீர் குறையவில்லை.
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: பாக்டீரியா வாடல் என்று தோன்றுகிறது. உறுதிப்படுத்த, தண்டின் அடிப்பகுதியில் ஐந்து செ.மீ. துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல ஒன்று இறங்கினால் அதுதான்.

மருந்து கிடையாது. செடியை வேரோடும் மண்ணோடும் கட்டிப் போட்டுவிடுங்கள். தொட்டியைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரை மணி ஊறவிடுங்கள். கத்தரிக்கோலையும் அதில் முக்கி எடுங்கள். கத்தரி, மிளகாய் இரண்டுக்கும் இந்த நோய் உண்டு. அதே மண்ணில் அவற்றையும் வைக்கக்கூடாது.

நிலத்தில் தொடர்ந்து இதே தொல்லை என்றால் ஒட்டுக்கன்றுதான் வழி. தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் வெப்பமான மழைக்காலத் தக்காளிக்கு, நோய் தாங்கும் கத்தரி வேரின்மேல் ஒட்டுக்கட்டப் பரிந்துரைக்கிறது. கத்தரிக்கு நம் சுண்டைக்காய்ச் செடியே நல்ல வேர். தொட்டியில் வளர்க்கும் உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், புது மண் போதும். பெரிய தக்காளியை விட்டுவிட்டுச் சிறுதக்காளியாக வையுங்கள். நம் இரவுச் சூட்டில் காய் பிடிப்பது அதுதான்.

கேள்வி: முட்டை ஓடு, அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள். எது உண்மையில் பயன்?
– வாசகி, அங் மோ கியோ

பதில்: அரிசித் தண்ணீர் ஊற்றலாம், வெறும் தண்ணீரைவிடச் சற்று மேல். முட்டை ஓடு மாவாக அரைத்தாலும் கரைய மாதக்கணக்கு ஆகும். இந்த வாரம் தக்காளியின் அடி கறுக்கிறது என்றால் அதற்கு ஓடு உதவாது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளமாக்காமல், தண்ணீரை ஒரே சீராக ஊற்றுவதுதான் உதவும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த டீத்தூளைத் தொட்டியில் கொட்டினால் எறும்பும் கரப்பானும்தான் வரும்.

கேள்வி: சுக்கினியின் ஆண் பூவைச் சமைக்கலாமா?
– வாசகர், செம்பவாங்

பதில்: தாராளமாக. பூசணிப்பூ பஜ்ஜிக்கு என்ன செய்வீர்களோ அதேதான். நடுத்தண்டைக் கிள்ளி எடுத்து, உள்ளே எறும்பு இருக்கிறதா பார்த்து, கடலை மாவைத் தோசைமாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்து முக்கிப் போடுங்கள். மகரந்தம் தடவி முடித்தபின், ஒன்பது மணிக்கு மேல் பறியுங்கள். பெண் மொட்டு மறுநாள் விரிய இருந்தால் அன்றைக்கு ஆண் மொட்டுகளைத் தொடாதீர்கள்.